பாதி ஜன்னலுக்கு முழுக் காசு

ஆபீஸ்ல புடுங்குற ஆணி போதாதுன்னு ரெண்டு மாசமா வீட்டுலயும் ஆணி. இந்தத் தடவை நிஜ ஆணி. துருப்பிடிச்ச, 1996-ல எங்கப்பா வச்சுக் கட்டின ஜன்னல் நிலையில இருந்து ஆசாரி ஒருத்தர் குறடு போட்டுப் புடுங்கின ஆணி. அதனாலதான் இந்தப் பக்கம் ஆளையே காணோம். வந்ததும் வராததுமா சண்டைக்கு வர்றானேன்னு நினைக்காதீங்க மக்கா. 10,000 ரூபாய் மொய் எழுதிட்டு வந்திருக்கேன், கொஞ்சம் கத்திக்கறேன்.

விஷயம் இதுதான். நம்ம ஊர்ல இப்ப வீடு புதுப்பிக்கிற அத்தனை பேரும், குறிப்பா மாசச் சம்பளம் வாங்குற நம்ம ஐ.டி. கோஷ்டி, பழைய மர ஜன்னலைப் பேத்துக் கடாசிட்டு வெள்ளை வெளேர்னு யு.பி.வி.சி. ஸ்லைடிங் ஜன்னல் போட்டுக்கறோம். லட்சக்கணக்குல காசு குடுத்து, பாதி மட்டுமே திறக்கிற ஜன்னலை வாங்கறோம். அதுவும் சென்னையில. அதுவும் கடலுக்கு இருபது கிலோமீட்டர் தள்ளி அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் உட்கார்ந்துக்கிட்டு. இதை முட்டாள்தனம்னு சொல்லாம வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல. முதல் முட்டாள் நான்தான், அதனால தைரியமா சொல்றேன்.

கதைச் சுருக்கம்: எங்க வீடு திருமுல்லைவாயில்ல. என்னைவிட ஒரு வயசு பெரிசு. ஒன்பது ஜன்னல். எல்லாம் மரம், ரெட்டைக் கதவு, வெளிப்பக்கமா திறக்கும், நடுவுல இரும்புக் கம்பி, மேல ரெண்டு அடி சன்ஷேடு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப பின்பக்கம் தண்ணி நின்னுச்சு. அதுல ஊறின ரெண்டு ஜன்னல் நிலையில அப்புறம் கரையான் ஏறிடுச்சு. விரல் வச்சு அழுத்தினா உள்ள மாவு. சரி, மாத்திடலாம்னு முடிவு பண்ணேன். இங்கதான் எனக்குள்ள இருந்த இஞ்சினியர் முழிச்சுக்கிட்டான். "மாத்தறதுதான் மாத்தறோம், ஒன்பதையும் மாத்திடுவோம்." அப்பா ஒண்ணும் சொல்லல. ரிட்டயர் ஆன மனுஷன். பையன் சம்பாதிக்கிறான், பையன் செய்யறான்னு விட்டுட்டார்.

விற்பனைக்காரர் வந்தார். டை கட்டி, டேப் எடுத்து, டேப்லெட் எடுத்து. (கம்பெனி பேரு வேணாம். ஒருத்தரைச் சொல்லி என்ன பிரயோஜனம்? நான் விசாரிச்ச நாலு இடத்துலயும் ஏறக்குறைய இதே பாட்டுத்தான்.) சதுரடி 1,100. அதுல இரட்டைக் கண்ணாடி அடக்கம். "சார், ஜெர்மன் டெக்னாலஜி. ஹீட் வராது. சத்தம் வராது. தூசி வராது. கொசு வராது. லைஃப்லாங் மெயின்டனன்ஸே கிடையாது. இன்னைக்கே டோக்கன் அட்வான்ஸ் போட்டீங்கன்னா இந்த ரேட்டு. நாளைக்கு ரேட்டு மாறிடும் சார்." பத்தாயிரத்தை ஜிபே பண்ணேன். அவ்வ்வ்வ்.

அவர் போனதுக்கப்புறம், படத்தைப் பார்த்துட்டு அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏன்டா, இது பாதிதானே திறக்கும்?"

நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்சு, ஆறு வருஷமா தினமும் அடுத்தவன் எழுதின கோடுல ஓட்டை கண்டுபிடிக்கிற எனக்கு இந்தக் கேள்வி தோணவே இல்லை. அன்னிக்கு ராத்திரி தூங்கல. எக்ஸெல் ஷீட்டைத் திறந்து உட்கார்ந்தேன். அதுல வந்ததைத்தான் இங்க கொட்டறேன்.

ஒண்ணு: காத்து

ஜன்னல்ங்கிற வார்த்தை போர்த்துகீசியர் குடுத்துட்டுப் போனது. அவங்க மொழியில ஜனேலா. அதுக்கு முன்னாடி நம்மகிட்ட 'காலதர்'னு ஒரு சொல் இருந்தது, சிலப்பதிகாரத்துலயே வருது. கால்னா காற்று, அதர்னா வழி. இங்கிலீஷ்ல சொல்ற விண்டோவுக்கும் மூலம் பழைய நார்ஸ் மொழியில 'காற்றின் கண்'. பேரு வச்ச எல்லாருக்கும் அது எதுக்குன்னு தெரிஞ்சிருக்கு. காசு குடுத்து வாங்கற நமக்குத்தான் தெரியல.

சரி, தமிழ் வகுப்பு போதும், கணக்குக்கு வருவோம். இந்தியாவோட தேசிய கட்டட விதித்தொகுப்புல, எங்களை மாதிரி வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊருக்கு, அறையோட தரைப்பரப்புல ஆறுல ஒரு பங்கு ஜன்னல் திறப்பு வேணும்னு இருக்கு. வறண்ட வெப்ப ஊருக்குப் பத்துல ஒண்ணு போதும். அப்புறம் 2018 டிசம்பர்ல மத்திய அரசோட எரிசக்தித் திறன் அமைப்பு 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா'ன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. பெரிய மனையில கட்டற குடியிருப்புகளுக்கானது, எங்க வீட்டைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனா அதுல ஒரு அட்டவணை இருக்கு, அதைத்தான் விற்பனைக்காரர் ஒருத்தரும் காட்ட மாட்டார். கதவு மாதிரி திறக்கிற ஜன்னல்ல 90 சதவீதம் திறப்பு. ரெண்டு கண்ணாடி ஸ்லைடிங்ல 50 சதவீதம். மூணு கண்ணாடி ஸ்லைடிங்ல 67 சதவீதம்.

இப்ப என் ரூமை எடுத்துக்கோங்க. 10-க்கு 12. தரை 120 சதுரடி. ஆறுல ஒண்ணுன்னா 20 சதுரடி திறக்கணும். நாலுக்கு நாலுன்னு ரெண்டு ஜன்னல், மொத்தம் 32 சதுரடி. அப்பா வச்ச மர ஜன்னல் 90 சதவீதக் கணக்குல 28.8 சதுரடி திறக்குது. பாஸ். நான் அட்வான்ஸ் குடுத்த ஜெர்மன் டெக்னாலஜி 16 சதுரடி. ஃபெயில். அதுக்கு மேல கொசுவலை வேற, வர்ற பாதிக் காத்தையும் வடிகட்ட.

அந்த 1996-ல எங்கப்பாவுக்கு விதித்தொகுப்பு எதுவும் தெரியாது. கட்டின மேஸ்திரிக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா காத்து வர்ற திசை தெரிஞ்சிருக்கு. கடல்காத்து மெரினாவுல இருக்கிறவனுக்கு மதியமே கிடைச்சிடும். அது ஊரைத் தாண்டி எங்க பக்கம் வந்து சேர சாயங்காலம் ஆகும், சில நாள் வராமலேயும் போகும். வர்ற கொஞ்ச நேரத்துல முழுசா பிடிச்சுக்கணும்னு கிழக்குலயும் தெற்குலயும் பெரிய ஜன்னலா வச்சிருக்காங்க. அதைப் பாதியா அடைக்க நான் ரெண்டு லட்சத்துக்கு மேல செலவு பண்ண இருந்தேன்.

"ஏ.சி. இருக்கே"ம்பீங்க. என் ரூம்ல இருக்கு, ராத்திரி மட்டும். ஹால்ல இல்லை. சமையலறையில இல்லை. பகல் முழுக்க வீட்டுல இருக்கிறது நான் இல்ல, எங்கம்மாவும் அப்பாவும். அப்புறம் கரண்ட் போச்சுன்னா? 2016 டிசம்பர் 12 வர்தா ஞாபகம் இருக்கா? மிக்ஜாம்? எங்க தெருவுல ரெண்டு தடவையும் நாள்கணக்குல கரண்ட் இல்லை. அப்ப ஏ.சி.யை எங்க கொண்டு போய் வைக்கிறது? ஜன்னலைத் தொறந்து வச்சுத்தான் படுத்துக் கிடந்தோம்.

ரெண்டு: இரட்டைக் கண்ணாடி

யு.பி.வி.சி. ஜன்னல் 1950-கள்ல ஜெர்மனியில வந்த சாமான். வெளிய பனி, உள்ள ஹீட்டர். உள்ளே 20 டிகிரி, வெளியே மைனஸ் 10. முப்பது டிகிரி வித்தியாசம். ஜன்னலை மூடித்தான் வச்சிருப்பான். அங்க இரட்டைக் கண்ணாடி தெய்வம்.

இங்க? ராத்திரி ஏ.சி. 25, வெளியே 30. வித்தியாசம் அஞ்சு டிகிரி. ஒற்றைக் கண்ணாடி வழியா ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 5.7 வாட் வெப்பம் வரும். இரட்டைக் கண்ணாடின்னா சுமார் 2.8. என் ரூம்ல 3 சதுர மீட்டர் ஜன்னல். 2.9-ஐ 3-ஆலயும் 5-ஆலயும் பெருக்கினா 43.5 வாட் வெப்பம் மிச்சம். அதை வெளியேத்த ஏ.சி.க்கு ஆகிற மின்சாரம் அதுல மூணுல ஒரு பங்குன்னு வச்சுக்கோங்க. சுமார் 15 வாட். ராத்திரிக்கு 8 மணி நேரம், வருஷத்துக்கு 120 ராத்திரி. கூட்டிப் பார்த்தா 14 யூனிட். யூனிட் பத்து ரூபாய்னு தாராளமா போட்டாலும் வருஷத்துக்கு 140 ரூபாய்.

இதுக்கு அவர் சேர்த்தது சதுரடிக்கு 250. என் ரூமுக்கு மட்டும், அவர் போட்ட அளவுப்படி, வரியோட 10,000 ரூபாய்க்கு மேல. போட்ட காசு திரும்பி வர எழுபத்தஞ்சு வருஷம். எனக்கு இப்ப 28. நூத்தி மூணு வயசுல லாபம் பார்ப்பேன் :-) என் கணக்கு பாதி தப்புன்னே வச்சாலும் முப்பத்தேழு வருஷம். ஏ.சி.யே இல்லாத ஹால்ல, திறந்தே கிடக்கிற ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி எதுக்குன்னு எந்த எக்ஸெல்லும் பதில் சொல்லாது.

"வெயில் வராதே சார்." அடப்பாவிகளா. நிறமில்லாத சாதாக் கண்ணாடியை ஒண்ணு போட்டாலும் ரெண்டு போட்டாலும் வெயிலோட பெரும்பகுதி நேரா உள்ளே வந்துடும். வெயிலை நிறுத்தணும்னா கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்தணும். அதுக்குப் பேருதான் சன்ஷேடு. ஏற்கனவே இருக்கு. அப்பா காசு குடுத்துட்டார்.

மூணு: நூல் கணக்கு

இதுதான் என்னை உண்மையிலேயே கொதிக்க வச்சது. எங்க ஒன்பது ஜன்னல் மொத்தம் 148 சதுரடி. நாலுக்கு நாலு ஆறு, அஞ்சுக்கு நாலு ரெண்டு, மூணுக்கு நாலு ஒண்ணு. கொட்டேஷன்ல 167. எப்படின்னு பார்த்தா, டேப்ல நாலு அடியும் ஒரு நூலும் காட்டினா அதை நாலேகால் அடின்னு எழுதிடறாங்க. ஒரு நூல்னா அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு. அது நீளத்துலயும் கால் அடி, உயரத்துலயும் கால் அடி ஆயிடுது. "இண்டஸ்ட்ரி ப்ராக்டீஸ் சார்."

பத்தொன்பது சதுரடி. எங்க வீட்டு நாலுக்கு நாலு ஜன்னலே பதினாறுதான். அதாவது, வீட்டுல இல்லவே இல்லாத பத்தாவது ஜன்னல் ஒண்ணுக்கு 20,900 ரூபாய், அதுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 3,762, ஆக 24,662 ரூபாய் பில். அந்த ஜன்னல் எங்கேன்னு கேட்டா கவுண்டமணி-செந்தில் வாழைப்பழக் கதைதான். மொத்தக் கொட்டேஷன் 2,16,766. பழைய நிலையைப் பேக்கிறது, சுவத்தைப் பூசறது, பெயிண்ட் எதுவும் இதுல சேராது.

இன்னொரு கணக்கும் போட்டேன். சதுரடி 1,100-னு வாங்கற ஸ்லைடிங்ல பாதிதான் திறக்கும்னா, திறக்கிற சதுரடிக்கு 2,200. ஒற்றைக் கண்ணாடி போட்ட கதவு மாடல் யு.பி.வி.சி. 1,300 சொன்னாங்க, 90 சதவீதம் திறக்கும். திறக்கிற சதுரடிக்கு 1,444. "கதவு மாடல் காஸ்ட்லி சார்"னு சொன்னாரே, எது காஸ்ட்லி?

அப்புறம் ஏன் எல்லாரும் ஸ்லைடிங்கையே தலையில கட்டறாங்க? செய்யறது சுலபம். கீல் வேண்டாம், பல இடத்துல மாட்டற பூட்டு வேண்டாம், ரெண்டு ரோலர் போதும். நாம பாக்கிற அபார்ட்மென்ட் மாடல் ஃப்ளாட் எல்லாத்துலயும் அதுதான் இருக்கு, அதனால அதுதான் 'ரிச் லுக்'னு நம்ம மண்டையில ஏறிடுச்சு. ஸ்லைடிங் கதவு பிரஷ் மேல உரசிக்கிட்டுப் போறது. கதவு மாடல் ரப்பர் மேல அழுந்தி மூடும். சாரல் அடிக்கிற ஐப்பசி மழையில எது தண்ணி விடும்னு யோசிச்சுக்கோங்க. ஸ்லைடிங்ல கீழ் சட்டத்துல வர்ற தண்ணி வெளியே போக சின்ன ஓட்டை இருக்கும். அதுல தூசியும் எறும்பும் அடைச்சா, தண்ணி உள்ள. மெயின்டனன்ஸே இல்லையாம்.

"அப்ப மரம்தான் ஒசத்தியா?"

கேப்பீங்கன்னு தெரியும். இல்லை. மரம் மழையில ஊதும், மூடாது. மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பெயிண்ட் அடிக்கணும். கரையான் பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை. யு.பி.வி.சி.யைக் கரையான் தொடாது, தண்ணி தொடாது. குளியலறை வென்டிலேட்டருக்கு அதை விட நல்லது கிடையாது. பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் நடுவுல மூணு அடி சந்துதான்னா, வெளிப்பக்கம் திறக்கிற கதவு நடக்கிறவன் மண்டையைப் பிளக்கும். அங்க ஸ்லைடிங்தான் வழி, ஒத்துக்கறேன். சி.டி.எச். ரோட்டு மேலயோ ரயில்வே லைனை ஒட்டியோ படுக்கையறை இருந்தா, சத்தத்துக்காக நல்ல கண்ணாடி போடறதுல அர்த்தம் இருக்கு. ஆனா அங்கயும் ரப்பர் வச்சு அழுந்தி மூடற மாடல்தான் சத்தத்தை நிறுத்தும். பிரஷ் இடுக்கு வழியா லாரி ஹாரன் ஜம்முனு வரும்.

நான் எதிர்க்கிறது பிளாஸ்டிக்கை இல்லை. எந்தத் திசை, எந்த அறை, யாரு அங்க இருக்காங்கன்னு ஒரு கேள்வி கூடக் கேக்காம, ஒன்பது ஓட்டைக்கும் ஒரே பதிலை சதுரடி ரேட்டுல விக்கிறதை. அதையும் கேள்வி கேக்காம வாங்கற நம்மளை. ஆபீஸ்ல கிளையன்ட் ரிக்வயர்மென்ட் இல்லாம ஒரு பட்டன் வைக்க மாட்டோம். ஒரு சின்ன மாத்தத்துக்கு நாலு மீட்டிங். சொந்த வீட்டுக்கு, அப்பா பி.எஃப். பணத்துல கட்டின வீட்டுக்கு, அரை மணி நேரத்துல ஜிபே.

கடைசியில என்ன செஞ்சேன்

ஆர்டரை கேன்சல் பண்ணேன். பத்தாயிரம் திரும்பி வராதுன்னுட்டாங்க. ரசீதுல பொடி எழுத்துல போட்டிருந்தது, நான் படிக்கல. (கணினித் துறையில இருக்கிறவன், 'ஐ அக்ரீ' அமுக்கியே பழகினவன்.)

ஓ.டி. பக்கம் இருந்து ஒரு வயசான ஆசாரியை அப்பா கூட்டிட்டு வந்தார். அவர் ஒவ்வொரு ஜன்னலையும் உளியால தட்டித் தட்டிக் கேட்டார். டாக்டர் நெஞ்சைத் தட்டற மாதிரி. "தம்பி, ரெண்டுதான் போச்சு. மீதி ஏழும் இன்னும் உங்க புள்ளைக்கு ஆகும்." ஏழுக்கும் கதவை இறக்கி, இழைச்சு, அழுகின அடிச்சட்டம் மட்டும் மாத்தி, கீல் மாத்தி, கரையான் மருந்து, பெயிண்ட், வெல்க்ரோ கொசுவலை எல்லாம் சேர்த்து 38,000. கரையான் தின்ன ரெண்டுக்கு மட்டும் யு.பி.வி.சி., கதவு மாடல், ஒற்றைக் கண்ணாடி. வேற இடத்துல, நூல் ரவுண்டு இல்லாம 32 சதுரடின்னு எழுதி வாங்கி, வரியோட 49,088. போன பத்தாயிரத்தையும் சேர்த்தா 97,088. மிச்சம் ஒரு லட்சத்துப் பத்தொன்பதாயிரம் சொச்சம். மழை வந்தா வலையைப் பிரிச்சுக் கையை விட்டுக் கதவை இழுக்கணும், அது ஒரு ரோதனைதான். மறைக்கல.

யாராவது இந்த வேலைக்கு இறங்கறதா இருந்தா இதையெல்லாம் எழுத்துல வாங்குங்க: ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி அளவு, தனி விலை. அளவை எப்படி ரவுண்டு பண்றாங்க. எத்தனை சதவீதம் திறக்கும். சட்டத்துக்கு உள்ளே வைக்கிற இரும்பு எத்தனை மில்லிமீட்டர், கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர். ஈயம் கலக்காத பிளாஸ்டிக்கா (2021-ல நம்ம அரசு போட்ட ஈய விதி பி.வி.சி. குழாய்களுக்குத்தான், ஜன்னலுக்கு இல்லை. அதனால நீங்கதான் கேக்கணும்). பேக்கிறது, பூசறது யார் செலவு. ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா. அட்வான்ஸ் திரும்பி வருமா. பில் இல்லாம ஒரு ரூபாய் குடுக்காதீங்க. பில் இருந்தா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் வரைக்கும் வாங்கின பொருளுக்குப் புகார் கட்டணம் கிடையாது. என் ரசீதுல கையெழுத்துப் போட்டது நானே, அதனால நான் போகல.

நேத்து சாயங்காலம் ஆபீஸ்ல இருந்து வந்தேன். ஆறரை மணி இருக்கும். ஹால்ல ஃபேன் ஓடல. கரண்ட் போயிடுச்சோன்னு பார்த்தா, இல்லை. கிழக்கு ஜன்னல் ரெண்டு கதவும் முழுசா திறந்து கொக்கி மாட்டியிருக்கு. அப்பா நாற்காலியை அதுக்கு நேரா இழுத்துப் போட்டுக்கிட்டு, சட்டையில்லாம, பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தார். பேப்பர் ஓரம் படபடன்னு அடிச்சுக்கிட்டிருந்தது.

டிஸ்கி: பத்தாயிரம் போன விஷயம் அப்பாவுக்கு இன்னும் தெரியாது. எங்க வீட்டுப் பக்கம் யாராவது வந்தீங்கன்னா தயவுசெஞ்சு வாயை விட்டுடாதீங்க.